வத்தளை வீட்டுக்கு எந்த ரவுட்டர்?

கொட்டாஞ்சேனையில் இடம் போதாமல் களனி ஆற்றைக் கடந்து வத்தளை, ஹெந்தளை, மாபோளைப் பக்கம் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் பல. காணி ஒடுக்கம் என்றால் வீடு பின்பக்கமாக நீளும். பிள்ளைகள் வளர்ந்ததும் கொன்கிரீட் தட்டுப் போட்டு மேல்மாடி எழுப்புவார்கள். ஃபைபர் வயரோ வீதிப் பக்கத்தால்தான் உள்ளே வருகிறது. கம்பனிக்காரர் முன் ஹோலில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். 2020இல் பாடசாலைகள் மூடி சூம் வகுப்புகள் தொடங்கியபோது, மேல்மாடிப் பின் அறையில் இருந்த பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் விட்டுவிட்டுக் கேட்டதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

அப்படியான நேரத்தில் பெற்றோர் பெரிய பக்கேஜுக்கு மாறுவார்கள். மாதாந்தக் கட்டணம் ஏறும், பின் அறையில் ஒன்றும் மாறாது. வீதியிலிருந்து பெட்டி வரை வரும் வேகம் வேறு, பெட்டியிலிருந்து அறை வரை போகும் வேகம் வேறு. எது குறைகிறது என்று பார்த்த பிறகே காசை எடுக்க வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு தடவையும் பின் அறையில் ஒரு தடவையும் வேகத்தை அளந்தால் போதும். சிக்னல் அளவைக் காட்டும் இலவச ஆப்களும் உண்டு. அதில் மைனஸ் 67 அளவில் இருந்தால் வீடியோ அழைப்பு நன்றாக ஓடும். மைனஸ் 80ஐத் தாண்டினால் இழுபறிதான்.

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் வேகம் குறைவு, பக்கத்து வீட்டு ரவுட்டர்களோடும் மைக்ரோவேவ் அடுப்போடும் அது மோத வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. கம்பி கட்டிய கொன்கிரீட் தட்டைக் கண்டால் சோர்ந்துவிடும். இரண்டும் உள்ள ரவுட்டரே வாங்க வேண்டும்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா மாதிரி இடங்களில் கடைக்காரர் நீட்டும் பெட்டியில் ஏசி1200 என்று இருக்கும். ஒரு ஃபோனுக்கு 1200 கிடைக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஓர் அலைவரிசையின் 300ஐயும் மற்றதின் 867ஐயும் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்டது அது. அதைவிட முக்கியமான விஷயம் பெட்டியின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும்: வயர் செருகும் போர்ட் எத்தனை மெகாபிட்? மலிவான சிலவற்றில் அது 100 மட்டுமே. 300 மெகாபிட் ஃபைபர் எடுத்தவர் அதைப் பொருத்தினால், கட்டிய காசில் மூன்றில் இரண்டு பங்கு அந்தத் துளையிலேயே நின்றுவிடும். கிகாபிட் போர்ட் என்று கேட்டு வாங்குவதே சரி. வைஃபை 7 ரவுட்டர்கள் 2024 முதல் பரவலாக வருகின்றன. ஆனால் வீட்டிலுள்ள ஃபோன்களும் லெப்டொப்களும் அதற்கு ஏற்றவையாக இல்லாவிட்டால் அதிகம் கொடுத்து வாங்குவதில் பயனில்லை. சாதாரண வீட்டுக்கு வைஃபை 6 தாராளம்.

எவ்வளவு விலை கொடுத்தாலும் டீவிக்குப் பின்னாலோ இரும்பு அலுமாரிக்குள்ளோ வைத்த ரவுட்டர் வேலை செய்யாது. குச்சி அன்டெனாவைச் சுற்றி அலை உளுந்து வடை வடிவில் விரிகிறது. துளையில் நிற்பது அன்டெனா. பக்கவாட்டில் பலம், தலைக்கு நேர் மேலே பலவீனம். மேல்மாடிக்கும் வேண்டுமென்றால் ஒரு குச்சியைக் கிடையாகச் சரித்துப் பார்க்கலாம்.

அதுவும் காணாவிட்டால் நல்ல வழி, கீழ்ப் பெட்டியிலிருந்து மேலே ஒரு நெட்வேர்க் கேபிள் இழுத்து, அங்கே இரண்டாவது ரவுட்டரை அக்சஸ் பொயின்டாக வைப்பதுதான். மேல்மாடி கட்டும்போதே சுவருக்குள் ஒரு வெற்றுக் குழாய் விட்டுவைத்தால் பிறகு சுவரை உடைக்க வேண்டியதில்லை. பிளக்கில் செருகும் மலிவான ரிப்பீட்டர் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும்.

புது ரவுட்டர் வந்ததும் கம்பனிப் பெட்டியைக் கழற்றி வைக்கக் கூடாது. ஃபைபரின் ஒளியை மாற்றித் தருவது அதுதான்; புதியதை அதன் லான் போர்ட்டில் பொருத்த வேண்டும். சிம் போடும் 4ஜி இணைப்பு வைத்திருப்பவர்களுக்குச் சாதாரண ரவுட்டர் மட்டும் போதாது, சிம் துளை உள்ளது வேண்டும். அதை ஹோலின் நடுவில் வைப்பதைவிட, கோபுர சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஜன்னலோரத்தில் வைப்பது மேல்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது யாருக்கும் மறந்திருக்காது. ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் இன்றும் வாங்கத் தக்கதே. பல ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை, சில 9 வோல்ட். அடாப்டரில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் கரண்ட் தேவை. இடி மின்னல் நேரத்தில் ஃபைபர் கண்ணாடி இழை வழியாக மின்சாரம் வராது. ஆனால் அடாப்டர் வழியாக வரும், ஆகவே பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

பொருத்திய அன்றே ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட வேண்டும். 2016 ஒக்டோபரில் ட்விட்டர் உட்படப் பெரிய தளங்களை மணிக்கணக்கில் முடக்கிய மிராய் என்ற வைரஸ், தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டை மாற்றாத வீட்டுக் கமராக்களுக்குள்ளும் ரவுட்டர்களுக்குள்ளும் புகுந்துதான் தன் படையைச் சேர்த்தது.