புதுமனையும் நன்றியறிதலும்

புதுமனை புகுதல் நம் மக்களின் வாழ்வில் திருமணத்திற்கு அடுத்தபடியாகச் சிறப்புப் பெறும் நிகழ்ச்சியாகும். வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டி, புதுப் பானையில் பால் காய்ச்சி, அது பொங்கி வழியும் வரை வீட்டார் அனைவரும் அடுப்பைச் சூழ்ந்து நிற்பர். பின்னர் உற்றார் உறவினருக்கு உணவளித்து வழியனுப்புவர். ஆனால், மறுநாள் காலையில் தொடங்கும் வாழ்க்கையைப் பற்றி அன்று எவரும் பேசுவதில்லை. மின் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், கடன் தவணை, அறிமுகமில்லாத அண்டை வீட்டார், வேலைக் காட்டிற்குப் போகும் தொலைவு ஆகிய யாவும் அந்த மறுநாளில்தான் கண்முன் வந்து நிற்கின்றன. அந்த மறுநாளைப் பற்றியே இங்குப் பேச விரும்புகின்றோம்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஜெலுபு மாவட்டத் தலைநகரான கோலா கிளாவாங், சிரம்பானிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், புக்கிட் தங்கா மலைப்பாதைக்கு அப்பால் அமைந்துள்ளது. வளைந்து வளைந்து செல்லும் அப்பாதையில் பேருந்தில் போனவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். மலைகளுக்கிடையே அமைந்த இவ்வட்டாரத்தில் ரப்பர்க் காடுகளும் மலாய்க் கம்பங்களும் சீனர் கடைத்தெருக்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்து, பிற்காலத்தில் பட்டணத்தை அடுத்த தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் நம் நாட்டுத் தோட்டப்புறங்கள் எங்கும் உள்ளன. தோட்டத்திற்குள்ளேயே நிர்வாகம் கட்டிய புதிய வீட்டிற்கு மாறியோரும் உளர். இரு சாராரும் எதிர்நோக்கும் மனநிலை ஒன்றே.

பழைய லயத்தின் குறைகளை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள், தகரத்தின் வெப்பம், பலகைச் சுவருக்கு அப்பால் இருப்பவர் இருமினாலும் இங்கே கேட்கும், பொதுக் குழாயில் வாளிகளின் வரிசை. இவற்றை விட்டு வந்த பிறகும், புது வீட்டிற்கு வந்த சில மாதங்களில் பலர் பழைய லயத்தை நினைத்து ஏங்குகின்றனர். இது நன்றிகெட்ட தன்மை அன்று. மனித மனத்தின் இயல்பு அது.

மனத்திற்குப் பழகிப்போதல் என்னும் குணம் ஒன்று உண்டு. வீட்டிற்குள்ளேயே குழாய் வந்த முதல் வாரத்தில், அதைத் திருகும்போதெல்லாம் இல்லத்தரசியின் முகம் மலர்கின்றது. ஆறு மாதம் சென்றால் குழாய் இருப்பதே நினைவில் இருப்பதில்லை. தண்ணீர் நின்ற அன்றுதான் நினைவு வருகின்றது. தனியறை, மின்விளக்கு, சிமெண்டுத் தரை ஆகிய எல்லாவற்றிற்கும் இதே கதிதான். கிடைத்த பொருள் கண்ணுக்கு மறைந்துபோக, இழந்த பொருளோ நாளுக்கு நாள் பெரிதாகத் தோன்றுகின்றது. கோயில் மணியோசை கேட்கவில்லை. அந்தியில் வாசற்படியில் அமர்ந்து பேச ஆளில்லை. பிள்ளையை விட்டுச் செல்ல ஆயாக் கொட்டகை இல்லை. பெற்றவை எண்ணிக்கையில் அதிகமாக இருந்தும், மனக்கணக்கு மட்டும் நட்டத்தையே காட்டுகின்றது.

இக்கணக்கைச் சரிசெய்வதற்கு நம் முன்னோர் வைத்துப் போன சொல்லே ஒரு வழியைக் காட்டுகின்றது. இன்று நாம் 'நன்றி' என்பதை வாயால் சொல்லும் உபசார மொழியாகவே வழங்குகின்றோம். பழந்தமிழில் அச்சொல்லின் பொருள் வேறு. 'நன்றி' என்றாலே நன்மை. ஒருவர் நமக்குச் செய்த நல்ல காரியம். திருக்குறளின் 11ஆம் அதிகாரத்தின் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்' என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 'நன்றி கூறுதல்' என்று வள்ளுவர் அதற்குப் பெயரிடவில்லை, 'அறிதல்' என்றார். நமக்குச் செய்யப்பட்ட நன்மை இன்னதென்று கண்டறிவதே முதல் வேலை. வாயால் உரைப்பது அதற்குப் பின்னர் வருவது. பழகிப்போன கண்ணுக்கு மறைந்துவிட்டவற்றை மீண்டும் காண்பதே நன்றியறிதல் என்று கொண்டால், அது துறவிகளுக்கும் பண்டிதர்களுக்கும் மட்டும் உரியதாகாது. மரம் வெட்டும் நமக்கும் அது அன்றாடம் கைகூடக் கூடியதே.

கோலா கிளாவாங்கையே எடுத்துக்கொள்வோம். தீபகற்ப மலேசியாவில் மழை குறைந்த பகுதிகளுள் ஒன்றாக ஜெலுபு வட்டாரம் நிலநூல்களில் குறிக்கப்படுகின்றது. கடலிலிருந்து வரும் மழைக்காற்றைச் சுற்றியுள்ள மலைகள் தடுத்துவிடுவதே இதற்குக் காரணம். மழை குறைவு என்றவுடன் குறையாகவே நமக்குத் தோன்றும். பால் வெட்டும் தொழிலாளி இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். விடியற்காலையின் குளிர்ச்சியில் மரப்பட்டையிலுள்ள பால் நாளங்கள் நீர் நிறைந்து விம்மியிருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் தளர்ந்து பால் குறையும். இரவு மழை பெய்து பட்டை நனைந்துவிட்டாலோ, பால் கோட்டின் வழியே மங்கில் விழாமல் பட்டையெங்கும் பரவி வீணாகும். அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் வரும்படியும் குறைவு. ஆகவே, உலர்ந்த மரத்தோடு விடிகின்ற ஒவ்வொரு காலையும் நமக்குக் கிடைத்த ஒரு நாள் ஊதியமாகும். அதே சமயத்தில், வீட்டுப் பின்புறத்தில் நட்ட வெண்டைக்கும் முருங்கைக்கும் மழை வேண்டியிருக்கின்றது. காட்டிற்கு வேண்டாத மழை கொல்லைக்கு வேண்டும். இரண்டையும் எண்ணிப் பார்க்கும் தொழிலாளிக்குப் பெய்தாலும் ஒரு நன்மை, பெய்யாவிட்டாலும் ஒரு நன்மை. வானத்தை நோக்கிக் குறைகூறும் பழக்கம் அவரிடம் சற்றே குறையும். அடியோடு ஒழியும் என்று நாம் சொல்லமாட்டோம். தொடர்ந்து பத்து நாள் மழை பெய்து சம்பளம் குறைந்த மாதத்தில் எவராலும் அவ்வாறு இருக்க இயலாது.

இவ்விடத்தில் ஓர் ஐயத்தைத் தெளிவாக்க வேண்டியுள்ளது. "எதற்காக நன்றி பாராட்ட வேண்டும்? வீட்டிற்கு நானல்லவா தவணை கட்டுகின்றேன்?" என்று கேட்போர் உளர். நியாயமான கேள்விதான். தோட்ட வாழ்வில் 'நன்றி' என்னும் சொல் சில வேளைகளில் வாயடைக்கும் கருவியாகவும் பயன்பட்டிருக்கின்றது. இருக்க வீடு கொடுத்திருக்கின்றோம், அதற்கு நன்றியோடு இரு என்று சொல்லி, ஒழுகும் கூரையைப் பற்றி முறையிட வந்தவரைத் திருப்பி அனுப்பிய காலம் இருந்தது. நன்றியறிதல் வேறு, அடிமைத்தனம் வேறு.

சட்டத்தால் கிடைப்பது எவருடைய தயவாலும் கிடைப்பதன்று. தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் சட்டம் நம் நாட்டில் 1966இல் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக வந்ததே 446ஆம் சட்டம் எனப்படும் 1990ஆம் ஆண்டுச் சட்டமாகும். தோட்டத்திலேயே குடியிருக்கும் தொழிலாளர்களுக்குக் குழாய்த் தண்ணீர், மின்சார வசதி, குழந்தைக் காப்பகம், மருத்துவ வசதி ஆகியவற்றோடு, பயிரிடவும் மாடு மேய்க்கவும் நிலம் ஒதுக்குவதைப் பற்றியும் அச்சட்டம் பேசிற்று. 2019இல் அது திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தோட்டம், சுரங்கம் தவிர்ந்த மற்றத் துறைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இவை உரிமைகள். உரிமையைக் கேட்பதற்கு எவரும் நாணவேண்டியதில்லை.

உரிமம் பெற்ற வீடமைப்பு நிறுவனத்திடம் வீடு வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும். சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் சுவரில் வெடிப்போ, கூரையில் ஒழுக்கோ, குழாயில் கோளாறோ கட்டுமானக் குறையால் ஏற்பட்டால், அதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த 30 நாள்களுக்குள் நிறுவனம் தன் செலவில் அதைச் சீர்செய்து தருதல் கடமை என்று வீட்டு விற்பனை ஒப்பந்தம் கூறுகின்றது. "புது வீடு கிடைத்ததே பெரிது, இதைப் போய்ச் சொல்வதா" என்று இருந்துவிட்டுக் காலக்கெடு முடிந்த பின் கைப்பணத்தைச் செலவிடுவோர் பலர். வாயால் சொன்னது போதாது. கடிதம் எழுதி, அதன் படியைக் கையில் வைத்திருத்தல் வேண்டும்.

உரிமை என்றவுடன் நன்றிக்கு இடமில்லை என்று கருதிவிடவும் கூடாது. உரிமை வானத்திலிருந்து விழுவதில்லை. அதைப் பெற்றுத் தந்தவர்கள் இருந்தனர். 1954இல் பல தொழிற்சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, அதன் பொதுச் செயலாளராகப் பொறுப்பேற்றவர் பி.பி. நாராயணன். சங்கத்திற்குச் சந்தா கட்டியவர்களோ பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர். பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்த வேளையில், துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களைத் திரட்டினார். அதன் பயனாக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. தொழிலாளர்கள் தவணை முறையில் செலுத்திய சிறு சிறு பங்குத் தொகைகளைக் கொண்டே கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் முதன்முதலாக வாங்கப்பட்டது. அன்றாடச் சம்பளக்காரர் ஒருவர் அந்நாளில் மாதந்தோறும் பத்து வெள்ளியை ஒதுக்கி வைப்பதென்றால், அது எந்தச் செலவைக் குறைத்து வந்தது என்பதை நம் தாய்மார்கள் நன்கு அறிவர்.

கோலா கிளாவாங்கில் நெகிரி செம்பிலானின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த மார்ட்டின் லிஸ்டருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கின்றது. காட்டை அழித்து ரப்பர் நட்ட நம் பாட்டன்மார்களுக்குக் கல் நட்டவர் எவருமில்லை. அவர்களை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு பேரப்பிள்ளைகளையே சாருகின்றது.

நன்றியறிதலால் மனத்திற்கு நன்மை உண்டா என்பதை அறிஞர்கள் ஆராய்ந்தும் பார்த்திருக்கின்றனர். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்னும் இரு அமெரிக்க உளநூல் அறிஞர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் வாரந்தோறும் தமக்குக் கிடைத்த நன்மைகள் ஐந்து வரை எழுதினர். இன்னொரு பிரிவினர் தொல்லைகளை எழுதினர். மூன்றாம் பிரிவினர் பொதுவான நிகழ்ச்சிகளை எழுதினர். நன்மைகளை எழுதியவர்கள் தம் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் மனநிறைவு தெரிவித்தனர். பிற்காலத்தில் வந்த ஆய்வுகள் இந்த நன்மை அவ்வளவு பெரிதன்று, ஓரளவே என்று கண்டன. அதுவே உண்மைக்கு நெருக்கமாகவும் இருக்கின்றது. நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் கடன் தீரும் என்று எவரும் நம்பவேண்டாம். 2005இல் சோனியா லியுபோமிர்ஸ்கி என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் கண்ட மற்றொரு செய்தி நமக்குப் பயன்படக் கூடியது. வாரத்தில் மூன்று முறை எழுதியவர்களைவிட ஒரே முறை எழுதியவர்களே பயன் பெற்றனர். நாள்தோறும் செய்தால் இதுவும் பழகிப்போய்விடுகின்றது போலும்.

ஆகவே, சம்பள வாரமோ ஞாயிற்றுக்கிழமையோ ஒரு வேளை போதும். இரவு உணவின்போது, அந்த வாரத்தில் நடந்த நல்லது ஒன்றை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் சொல்லலாம். "எல்லாம் நன்றாக இருக்கின்றது" என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. யார், என்ன செய்தார் என்று பெயரோடு சொல்லவேண்டும். அடுத்த வீட்டு மலாய்க்கார மக்சிக், மழை வந்ததும் நம் கொடியில் உலர்ந்த துணியை எடுத்து வைத்தார். கடைக்காரச் சீனர் பத்து வெள்ளி குறைந்தபோதும் அரிசியைக் கொடுத்தனுப்பினார். மூத்த மகள் யாரும் சொல்லாமலே தம்பியைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றாள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதில் கலந்துகொள்ளலாம். பெரும்பாலும் அவரிடமே சொல்வதற்கு அதிகம் இருக்கும்.

முதியோரைக் குறித்து ஒரு சொல் கூறவேண்டும். புது வீட்டில் மிகுந்த தனிமைக்கு ஆளாகின்றவர்கள் அவர்களே. மகனும் மருமகளும் வேலைக்கும், பிள்ளைகள் பள்ளிக்கும் சென்ற பின், கம்பிக் கதவுக்குப் பின்னால் அவர்கள் தனித்திருக்கின்றனர். லயத்திலோ நாள் முழுதும் பேச்சுத் துணை இருந்தது. மாதம் ஒருமுறையேனும் அவர்களைப் பழைய தோட்டத்துக் கோயிலுக்கு அழைத்துச் செல்வது நன்று. ஆடித் திருவிழா வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆயுத பூசையன்று பால் கத்தியையும் வாளியையும் கழுவிப் பொட்டிட்டுச் சரசுவதி படத்தின் முன் வைப்பது தோட்டத்து வழக்கம். தாமானுக்கு வந்த சில குடும்பங்களில் கத்தியை வைக்கப் பிள்ளைகள் வெட்கப்படுகின்றனர். கணினியையும் மோட்டார் சைக்கிளையும் மட்டும் வைக்கின்றனர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமே. கணினியை வாங்கியது அந்தக் கத்தியல்லவா?

இவ்வாண்டு புதுமனை புகவிருப்போர் அழைப்பிதழ் அச்சிடுமுன் ஒரு பட்டியல் எழுதிப் பார்ப்பது நலம். உறவினரும் தலைவர்களும் அதில் தாமாகவே இடம்பெற்றுவிடுவர். விட்டுப்போகக் கூடியவர்கள் வேறு சிலர்: நம் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டிய ஆயா, கடன் மனுவை நிரப்பித் தந்த தோட்டத்துக் கிராணி, தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்ற வந்த இளைஞர்கள், புதுத் தெருவில் இருபுறமும் குடியிருக்கும் அண்டை வீட்டார். முஸ்லிம் அண்டை வீட்டாரை அழைத்தால் உணவு ஹலாலாக இருத்தல் வேண்டும். சந்தேகத்திற்கு இடமின்றி அதை முன்கூட்டியே அவர்களிடம் தெரிவித்துவிடலாம். ஆயாவுக்கு அழைப்பிதழை அஞ்சலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, அன்றைக்கு அவரை அழைத்து வரவும் திரும்பக் கொண்டுபோய் விடவும் ஒரு வாகனத்தை ஏற்பாடு செய்தல் வேண்டும்.