தலைநகரில் கண்ட துணி

தலைநகரைக் காண வேண்டும் என்னும் ஆவல் நம் இல்லத்தில் நெடுநாளாகவே இருந்து வந்தது. தறியில் பாவு இருக்கும்போது வீட்டை விட்டு நகர இயலாது. பாவு தீர்ந்திருக்கும்போது கையில் பணம் இராது. இரண்டும் ஒத்துவந்த ஒரு குளிர்காலத்தில், சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையைக் கொண்டு, முதிய அன்னையார், இல்லாள், பள்ளியிற் பயிலும் மகன், மகள் ஆகியோருடன் சென்னையில் ரயிலேறினோம். இரண்டு இரவுகள் கழிந்து மூன்றாம் நாட் காலையில் புது டில்லி வந்து சேர்ந்தோம். அங்கே கண்டவை பல. அவற்றுள் நம் தொழிலோடு தொடர்புடையவற்றை மட்டும் அங்கத்தினர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

முதல் நாள், ஜனபத் சாலையிலுள்ள தேசியப் பொருட்காட்சிசாலைக்குச் சென்றோம். இந்தக் கட்டடம் 1960-ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது. மொகஞ்சதாரோவில் 1926-இல் அகழ்ந்தெடுத்த வெண்கல நடன மங்கையைக் குழந்தைகள் சுற்றிச் சுற்றிப் பார்த்தனர். உலகெங்கும் பேசப்படும் அச்சிலை ஒரு சாண் உயரங்கூட இல்லாததில் அவர்களுக்குப் பெருவியப்பு. அதே மொகஞ்சதாரோவில், ஒரு வெள்ளிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பருத்தித் துணித் துணுக்கும் கிடைத்தது என்ற செய்தியை அவர்களுக்குச் சொன்னோம். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பருத்தி விளைவித்தவரும் நூற்றவரும் நெய்தவரும் இத்துணைக் கண்டத்தில் இருந்தனர் என்பதற்கு அத்துணுக்கே சான்று.

மறுநாள், பழைய கோட்டைக்கு அருகில் பைரோன் சாலையில் இருக்கும் கைவினைப் பொருட்காட்சிசாலையைக் கண்டோம். சார்லஸ் கொரியா என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர், ஒரு கிராமத்துத் தெருவில் நடந்து செல்வது போன்று, முற்றம் முற்றமாக இதனை அமைத்திருக்கிறார். இது உருவாக முன்னின்று உழைத்தவர் கமலாதேவி சட்டோபாத்யாயா அம்மையார். இவரைக் கூட்டுறவாளர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். பிரிவினையால் வீடிழந்து வந்த அகதிகள் தம் காலில் நிற்க வேண்டுமென்று, 1948-இல் இந்தியக் கூட்டுறவு யூனியனைத் தொடங்கியவர் இவரே. 1952-இல் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றுப் பணியாற்றினார்.

அங்குள்ள துணிக் கூடத்தில் அன்னையாரை விட்டு நகர இயலவில்லை. ஜாம்தானித் துணியின் முன்னே நெடுநேரம் நின்றார். மெல்லிய நூலில் பாவு ஓட்டி, ஊடையோடு ஊடையாகப் பூ நூலை விரலாலேயே கோத்துக் கோத்து நெய்வது ஜாம்தானி. அறுபது ஆண்டுகள் தார் சுற்றிய கையல்லவா? கண்ணாடிக்கு இப்பாலிருந்தே விரல்களை அசைத்து இழைகளை எண்ணினார். பிறகு, "இவ்வளவு வேலை தெரிந்தவன் பெயரை இங்கே எழுதவில்லையா?" என்று கேட்டார். பலகையில் ஊரின் பெயரும் காலமும் இருந்தன. நெய்தவர் பெயர் இல்லை. நம்மிடம் விடையும் இல்லை.

மூன்றாம் நாள் ராஜ்காட்டில் அண்ணல் காந்தியடிகளின் நினைவிடத்தை வணங்கிவிட்டு, எதிரிலுள்ள காந்தி பொருட்காட்சிசாலைக்குள் நுழைந்தோம். 1948 ஜனவரி 30-ஆம் நாள் அவர் உடுத்தியிருந்த, குருதி படிந்த வேட்டியும் சால்வையும் அங்கே உள்ளன. 1921 செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரையில் அரையாடை பூண்டவர், தம் இறுதி மூச்சு வரையில் ஏழையின் உடையையே உடுத்தினார். அதனைக் கண்ட பின்னர் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

அங்கிருந்து செங்கோட்டை அதிகத் தொலைவில் இல்லை. ஷாஜகான் கட்டுவித்த இக்கோட்டை 1648-இல் நிறைவெய்தியது. ஆண்டுதோறும் சுதந்திர தினத்தன்று பிரதமர் இங்கேதான் கொடியேற்றுகிறார். வாயிலருகே சிறு கொடிகள் விற்பனைக்கு இருந்தன. மகன் ஒன்றை வாங்கி வந்து பாட்டியின் கையில் கொடுத்தான். அவர் அதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, "இது பஞ்சு நூல் இல்லையப்பா" என்றார்.

உண்மைதான், அது பாலியஸ்டர். தேசியக் கொடி கையால் நூற்றுக் கையால் நெய்த துணியில்தான் இருக்க வேண்டும் என்பது முன்னர் இருந்த விதி. 2021 டிசம்பர் 30-ஆம் நாள் கொடி விதிகள் திருத்தப்பட்டன. அது முதல் இயந்திரத்தில் செய்ததும், பாலியஸ்டரும் அனுமதிக்கப்படுகின்றன. குறைந்த விலையில் எல்லார் வீட்டிலும் கொடி பறக்கட்டும் என்பார் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும் பருத்தி விளைவிப்பவருக்கும், நூற்பவருக்கும், நெய்பவருக்கும் உரிமையாயிருந்த ஒரு வேலை இப்போது போட்டியில் நிற்கிறது என்பதை நாம் மறைக்கலாகாது.

இதனை மகளுக்குச் சற்றே உரத்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தோம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா, நீங்கள் போட்டிருக்கும் சட்டை எந்தத் துணி?" என்றாள். அது ஆலைத் துணி. பிரயாணத்தில் கசங்காது, துவைத்தால் விரைவில் உலரும் என்று வாங்கியது. அன்னையார் சிரித்தார், நமக்குச் சிரிக்க முடியவில்லை.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வியே நெஞ்சில் நின்றது. விதியை மாற்றியவர்களைக் குறை கூறுவது எளிது. நம் சங்கத்து விற்பனை நிலையத்தில் சரக்குத் தேங்கிக் கிடக்கையில், நெசவாளராகிய நாமே ஆலைத் துணியை நாடினால், பிறர் நம் துணியை ஏன் வாங்க வேண்டும்? கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதால் துணி அழியாமல் இருக்கலாம், தொழில் பிழைக்காது. உடுத்துவோர் இருந்தால்தான் தறி ஓடும்.

ஆகவே இரண்டு காரியங்கள் செய்தோம். வரும் ஆகஸ்ட் 15-இல் நம் சங்கக் கட்டடத்தில் கதர்க் கொடியே ஏற்றப்பட வேண்டும் என்று நிர்வாகக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தோம். விற்பனை நிலையத்தில் நமக்கும் மகனுக்கும் சட்டைத் துணி எடுத்தோம்.

டில்லி செல்லும் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை: திங்கட்கிழமைகளில் இவ்விடங்களிற் பெரும்பாலானவை மூடப்பட்டிருக்கும், அதற்கேற்ப நாட்களை வகுத்துக்கொள்க. வீட்டிலுள்ள முதியோரையும் தவறாது அழைத்துச் செல்க. நம் கண்ணுக்குத் தப்புவது அவர்கள் விரலுக்குத் தப்பாது. புறப்படுமுன் பெட்டியில் எடுத்து வைக்கும் துணிகளையும் ஒரு முறை பார்த்துக்கொள்க.