சேற்றைச் சோதிப்பவர் யார்?

ஒரு கண்ணாடிச் சாடியில் நீரை நிரப்பி, ஒரு பிடி ஆற்று மண்ணைப் போட்டு நன்றாகக் கலக்குங்கள். கலக்குவதை நிறுத்தியதும் மணல் அடியில் படிந்துவிடும். நீரோ மறுநாளும் தெளியாமல் மங்கலாகவே இருக்கும். பெரிய துறைமுகங்களின் தலைவலி ஒன்று இச்சிறு சோதனையில் அடங்கியிருக்கிறது.

கப்பல்கள் வந்து போகும் வழியில் வண்டல் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆழம் குறைந்தால் கப்பல் தரைதட்டும். ஆகவே அவ்வப்போது தூர் வார வேண்டும். அப்போது அடிச்சேறு கலங்கி மேலெழுகிறது. அது எவ்வளவு நேரம் மிதக்கும்?

ஸ்டோக்ஸ் என்ற அறிவியலார் 1851இல் வெளியிட்ட விதி இதற்கு விடை தருகிறது. நுண்துகள் நீரில் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்திற்கு நேர் விகிதத்தில் உள்ளது. 0.1 மி.மீ. விட்டமுள்ள மணல் ஒரு மீட்டர் இறங்கச் சுமார் 2 நிமிடம் ஆகும். 0.002 மி.மீ. களிமண் துகளின் விட்டம் அதில் 50இல் ஒரு பங்கு. வேகமோ 2,500இல் ஒரு பங்கு! அசையாத நீரிலேயே அதற்கு மூன்று நாட்களுக்கு மேல் தேவை. கடலின் உப்பு இத்துகள்களைத் திரளச் செய்து சற்று விரைவாக இறக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் நீரோட்டம் கலங்கலைத் தொலைவுக்குக் கொண்டு சென்றுவிடலாம்.

வெறும் மண்ணானால் கவலை குறைவு. துகள் சிறுக்கச் சிறுக்க, ஒரு கிராம் மண்ணின் மொத்தப் பரப்பு பெருகுகிறது. அந்தப் பரப்பில் செம்பு, காரீயம், டி.டி.டி. போன்ற நஞ்சுகள் ஒட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவில் பயிர்களுக்கு டி.டி.டி. தெளிப்பது 1972இலேயே தடைசெய்யப்பட்டது. ஆயினும் லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தின் அடிச்சேற்றில் அது இன்னும் தங்கியிருக்கிறது.

ஆகவே அந்நாட்டில் வாரிய மண்ணைக் கடலில் கொட்டுமுன் அதைச் சோதித்து அனுமதி பெற வேண்டும். வேதியியல் பகுப்பாய்வு மட்டும் போதாது. இறாலின் உறவினங்களான சிற்றுயிர்களை அந்தச் சேற்றில் 10 நாட்கள் வாழவிட்டு, எத்தனை பிழைத்தன என்றும் எண்ணுகிறார்கள்.

அழைத்தால் வரும் நிபுணர்

இன்று சேறு, நாளை எண்ணெய்க் கசிவு, மறுநாள் பறவைகள் கூடு கட்டும் இடத்தருகே கட்டட வேலை. ஒவ்வொன்றுக்கும் வேறு நிபுணர் வேண்டும். அனைவரையும் நிரந்தரச் சம்பளத்தில் வைத்துக்கொள்ள எந்தத் துறைமுகத்தாலும் இயலாது. தேவை வந்தபின் தேடினாலோ காலம் கடந்துவிடும்.

இதனால் அமெரிக்கத் துறைமுகங்கள் பல, தகுதியைப் பார்த்துச் சில ஆலோசனை நிறுவனங்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துச் சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. மணிக் கணக்கில் கட்டணம் முன்பே முடிவாகிவிடும். வேலை வரும்போது அதற்கெனத் தனி ஆணை பிறக்கும்: என்ன செய்வது, எத்தனை நாளில், செலவின் உச்சவரம்பு எவ்வளவு என்பன அதில் இருக்கும். குடும்ப மருத்துவரை அழைப்பது போன்ற ஏற்பாடு எனலாம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நோயாளி கசப்பான உண்மையைக் கேட்க விரும்பாவிட்டால்?

ஒரு வழக்கு

2001இல் லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகம், சைனா ஷிப்பிங் நிறுவனத்திற்குச் சரக்குப்பெட்டி முனையம் அமைக்க இசைவளித்தது. அத்திட்டத்திற்கெனத் தனியாக முழுமையான சுற்றுச்சூழல் ஆய்வு செய்யப்படவில்லை. டீசல் புகைக்கு அஞ்சிய அக்கம்பக்கத்து மக்கள் வழக்குத் தொடர்ந்தனர். 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது, வேலை நிறுத்தப்பட்டது. 2003இல் உடன்பாடு ஏற்பட்டது. அதன் பயனாக 2004இல் அம்முனையத்தில் கப்பல்கள் தம் டீசல் மின்னாக்கிகளை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் பெறத் தொடங்கின. ஆனால் ஏற்றுக்கொண்ட தடுப்பு நடவடிக்கைகளில் சில முழுமையாக நிறைவேறவில்லை என்று 2015இல் துறைமுகமே வெளியிட வேண்டியதாயிற்று.

ஆலோசகரை அமர்த்துவதுடன் கடமை தீர்ந்துவிடாது என்பதை இது உணர்த்துகிறது. ஆலோசகருக்குக் கூலி கொடுப்பது துறைமுகம்தான். ஆகவே மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்ற பதிவு, சான்று பெற்ற ஆய்வகம், மக்கள் படித்துக் கேள்வி கேட்கக்கூடிய அறிக்கை ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும். நம் ஆய்வுக்கூடத்திலும் இதே நெறிதான்: அளவீட்டை வேறொருவர் சரிபார்க்க முடிய வேண்டும். களிமண் துகள் துறைமுகத்தின் வசதிக்காக விரைந்து இறங்காது. அதை அளப்பவரும் அவ்வாறே யாருடைய வசதிக்கும் வளையாதிருக்க வேண்டும்.