மடி பத்திரம் அல்ல!
காரில் போகும் கைக்குழந்தைக்கு பக்கவாட்டில் காத்திருக்கும் ஆபத்து

கடையநல்லூர்:

காரில் கைக்குழந்தையோடு போகிறவர்கள் எதிரே வரும் லாரியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். பக்கத்துத் தெருவில் இருந்து பாய்ந்து வரும் வண்டியை யாரும் நினைப்பது இல்லை. குழந்தைக்கு அந்தப் பக்கத்து இடியும் எமன்தான்!

காரணம் இதுதான். காருக்கு முன்னால் என்ஜினும் பானெட்டும் இருக்கின்றன. நேருக்கு நேர் மோதினால் அவை நசுங்கி, அடியில் பாதியை வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் இருப்பதோ ஒரே ஒரு கதவு. கதவுக்கும் குழந்தையின் தலைக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தால் அதிகம். பச்சைக் குழந்தைக்கு தலை பெரிது, கழுத்து பலவீனம். பக்கத்தில் இடித்தால் தலை பம்பரம் போல் ஆடி கதவில் மோதும்.

ஊருக்கு நடுவே நெடுஞ்சாலை

கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை கடையநல்லூரை ஊடுருவிப் போகிறது. இருபுறமும் தெருக்கள். ஆட்டோ, மோட்டார் சைக்கிள், டிராக்டர் எல்லாம் ரோட்டில் ஏறுவது பக்கவாட்டில்தான். குற்றால சீசன் வந்தால் கேட்கவே வேண்டாம்.

2024 ஜனவரி 28-ந் தேதி, புன்னையாபுரத்துக்கும் சிங்கிலிபட்டிக்கும் இடையே காரும் சிமெண்டு லாரியும் மோதின. குற்றாலம் போய்விட்டுத் திரும்பிய 6 வாலிபர்கள் பலி ஆனார்கள். அதே ரோட்டில்தான் பிள்ளைகளும் போய் வருகிறார்கள்.

துபாயில் சீட், இங்கே மடி!

இந்த ஊர்க்காரர்கள் பலர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். ஐக்கிய அரபு நாட்டில் 4 வயது வரை உள்ள குழந்தைக்கு காரில் தனி சீட் வேண்டும் என்று 2017-ல் சட்டம் வந்தது. அங்கே ஒழுங்காக சீட்டில் கட்டி உட்கார வைத்த பிள்ளையை, திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கியதும் மடிக்கு மாற்றிவிடுகிறார்கள்.

"ஆச்சி மடியை விட பத்திரமான இடம் ஏது?" என்பார்கள். அது தப்பு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நிற்பது, மூன்று மாடி உயரத்தில் இருந்து விழுவதற்கு சமம். எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. ஒரே பெல்ட்டுக்குள் தாயும் பிள்ளையுமாக மாட்டிக்கொள்வது அதைவிட மோசம். தாயின் பாரமே குழந்தையை நசுக்கிவிடும்.

முன் சீட்டில் மடியில் வைப்பதும் ஆபத்து. 2025 ஜூலையில் திருப்போரூர் அருகே, தந்தையின் மடியில் இருந்த 7 வயது சிறுவன், ஏர்பேக் வெடித்து விரிந்த வேகத்தில் பலியானான்.

எப்படிக் கட்டுவது?

பின் சீட்டின் நடுவிடம்தான் இரண்டு கதவுக்கும் தூரம். பக்கத்து இடிக்கு அதுவே நல்ல இடம். ஆனால் அங்கே தோளையும் இடுப்பையும் பிடிக்கும் முழு பெல்ட் இருக்க வேண்டும். வெறும் இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால், பெரும்பாலான குழந்தை சீட்டுகள் அங்கே சரியாக நிற்காது. அப்போது ஓரத்து சீட்டில் இறுக்கிக் கட்டுவதே மேல். இடது ஓரம் என்றால், ரோட்டுப் பக்கம் நின்று குழந்தையை ஏற்றி இறக்க வேண்டியது இல்லை.

பல கார்களில் ஓரத்து சீட்டின் மடிப்புக்குள் இரும்புக் கம்பிகள் இருக்கும். ஐசோபிக்ஸ் என்று பெயர். அதற்கு ஏற்ற குழந்தை சீட் என்றால், "கிளிக்" என்று சத்தம் வரும் வரை தள்ளி மாட்ட வேண்டும்.

கட்டிய பிறகு, பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கவேண்டும். ஒரு அங்குலத்துக்கு மேல் அசைந்தால் கட்டு சரியில்லை.

தோள் வார் இறுக்கமாக இருக்கவேண்டும். விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு வரக்கூடாது. வாருக்கு அடியில் கம்பளியோ தடித்த சட்டையோ வேண்டாம். தலை சாய்கிறது என்று தலையணை சொருகவும் கூடாது.

ஒன்றேகால் வயது வரையாவது குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்து இருக்கவேண்டும். இந்த சீட்டை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் வைக்கவே கூடாது.

வாங்கும்போது கவனம்!

தலைக்கு இருபுறமும் ஆழமான பஞ்சுச் சிறகு உள்ள சீட்டே நல்லது. ஐரோப்பாவில் 2013-ல் அமலுக்கு வந்த 129-ம் எண் விதிப்படி பக்கத்து இடி சோதனையும் உண்டு. சீட்டில் உள்ள வில்லையில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். பழைய 44-ம் எண் விதியில் அந்தச் சோதனை இல்லை. விபத்தில் சிக்கிய பழைய சீட்டை சும்மா கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

சட்டம் உண்டு!

2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவுப்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் அபராதம் 1,000 ரூபாய். 2024 அக்டோபரில் கேரளாவில் போக்குவரத்து கமிஷனர் இதை வலியுறுத்தினார். உடனே அபராதம் கிடையாது என்று மந்திரி கணேஷ்குமார் சொல்லிவிட்டார்.

மந்திரி விட்டுவிடலாம், லாரி விடாது!

ஏர்போர்ட்டுக்கு வாடகைக் கார் சொல்லும்போது, "பின்னால் முழு பெல்ட் இருக்கா?" என்று டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அங்கே வாங்கிய சீட்டை அங்கேயே போட்டுவிட்டு வராமல், பெட்டியோடு பெட்டியாக ஊருக்குக் கொண்டுவந்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு.