கார்புரேட்டர் சீரமைப்பு (மாதிரி வானூர்தி)

கார்புரேட்டர் சீரமைப்பு என்பது மாதிரி வானூர்தியின் பெட்ரோல் எந்திரத்துக்குச் செல்லும் காற்று, எரிபொருள் ஆகியவற்றின் விகிதத்தைச் சரிசெய்வதாகும். எரிபொருள் மிகுந்தால் செறிந்த கலவை எனவும், குறைந்தால் மெலிந்த கலவை எனவும் அழைக்கப்படும். ஒரே சீரமைப்பு எல்லா உயரங்களுக்கும் பொருந்தாது.

ஊசித் திருகுகள்

இக்கார்புரேட்டர்களில் பொதுவாகத் தாழ்வேகத்துக்கு ஒன்றும் உயர்வேகத்துக்கு ஒன்றுமாக இரண்டு ஊசித் திருகுகள் உள்ளன. வலஞ்சுழியாகத் திருகினால் கலவை மெலியும். இடஞ்சுழியாகத் திருகினால் செறியும்.

அறிகுறிகள்

* திராட்டிலைத் திடீரெனத் திறக்கும்போது எந்திரம் நின்றுவிடுதல்: பெரும்பாலும் தாழ்வேகக் கலவை மெலிந்துள்ளது.
* மிகுந்த புகை, விட்டுவிட்டு ஒலித்தல்: கலவை செறிந்துள்ளது.
* முழுவேகத்தில் சூடேறிச் சுழற்சி குறைதல்: உயர்வேகக் கலவை மெலிந்துள்ளது.

திருகைத் தொடுமுன் எரிபொருள் வடிகட்டி, குழாய்க் கசிவு, தீப்பொறிச் செருகி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். சீரமைப்பவர் புரொப்பெல்லருக்குப் பின்புறமே நிற்க வேண்டும்.

உயரத்தின் விளைவு

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவு. எனவே அடிவாரத்தில் சீரமைத்த எந்திரம் மலைமேல் செறிந்த கலவையுடன் ஓடும், வலிமை குறையும். இது பெருந்தீங்கன்று.

மலைமேல் சீரமைத்த எந்திரத்தை அவ்வாறே அடிவாரத்தில் இயக்கினால் கலவை மெலியும். இருவீச்சு எந்திரங்களில் மசகெண்ணெய் பெட்ரோலுடன் கலந்தே செல்வதால், எரிபொருளுடன் மசகும் குறைந்து பிஸ்டன் இறுகிவிடக்கூடும். ஆகவே மலையிறங்கியதும் திருகுகளைச் சற்றுத் திறந்து, செறிந்த நிலையிலிருந்து மீண்டும் சீரமைத்தல் வேண்டும். முழுவேகத்தில் உச்சச் சுழற்சி கிடைத்தபின், உயர்வேகத் திருகை இடஞ்சுழியாகச் சிறிது திருப்பி நிறுத்துவதே பாதுகாப்பானது.