கைதுகளை எண்ணுவது போதும் என்றால்…

போதைப்பொருள் ஒழிப்பு என்றதும் நம் முன்னால் வைக்கப்படுவது கைதுகளின் எண்ணிக்கைதான். 2023 டிசெம்பரில் இலங்கைப் பொலிஸார் தொடங்கிய 'யுக்திய' போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் ஒரு மாதத்துக்குள் 29,000க்கும் மேற்பட்டோர் கைதானதை, 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் கவலையோடு சுட்டிக்காட்டியது. பொலிஸார் எத்தனை தீவிரமாக இயங்கினார்கள் என்பதை அந்த எண் சொல்லும். ஐஸ் போதைப்பொருளும் ஹெரோயினும் குறைந்தனவா என்பதை ஒருபோதும் சொல்லாது. அதை அறிய வேறோர் அளவுகோல் வேண்டும். அது கழிவுநீரில் இருக்கிறது.

உட்கொண்ட போதைப்பொருளின் ஒரு பகுதி அப்படியேயும், மறுபகுதி உருமாறியும் சிறுநீரில் வெளியேறுகிறது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் நீரை 24 மணிநேரம் சிறிது சிறிதாகச் சேகரித்து, அதிலுள்ள எச்சத்தை அளந்து, நீரோட்டத்தின் அளவாலும் மக்கள்தொகையாலும் கணக்கிட்டால் அந்நகரின் பயன்பாடு தெரியவரும். 2005இல் மிலானின் மாரியோ நெக்ரி ஆய்வு நிறுவனம் இத்தாலியின் போ ஆற்றில் இதைச் செய்தபோது, நாளொன்றுக்குச் சுமார் 4 கிலோ கொக்கெயினுக்கு ஈடான எச்சம் ஓடுவது தெரிந்தது. அரச மதிப்பீடுகளைவிட அது மிக அதிகம். அவுஸ்திரேலியா 2016 முதல் நாடளாவிய திட்டமாகவே இதை நடத்துகிறது.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. பத்துப் பேர் அதிகமாகப் பாவித்தார்களா, நூறு பேர் கொஞ்சமாகப் பாவித்தார்களா என்று நீர் பிரித்துக் காட்டாது. ஹெரோயினின் எச்சமான மோர்பின், மருத்துவமனை மருந்திலிருந்தும் வரலாம். கஞ்சாவின் எச்சம் திண்மக் கழிவில் ஒட்டிக்கொள்வதால் அளப்பது கடினம். ஆனால் ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டுக்கணக்கில் அளந்தால் ஏற்றமும் இறக்கமும் புலப்படும். கொள்கையின் பலனை எடைபோட அது போதும்.

இதைவிடப் பெரிய ஆட்சேபம் லக்கல போன்ற ஊர்களிலிருந்து எழுகிறது. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரை இழந்து புதிய நகரைப் பெற்ற பிரதேசம் அது. சிதறிக் கிடக்கும் அதன் மலைக்கிராமங்களில் மலசலகூடக் கழிவு குழிக்குள்ளேயே போகிறது. பொதுக் குழாய் இல்லை. நீர்த்தேக்கத்தில் மாதிரி எடுத்தால், சிறு சனத்தொகையின் எச்சம் பெருநீரில் கரைந்துவிடும். எந்த ஊருடையது என்றும் தெரியாது. குழியிலேயே எடுத்தாலோ ஒரு வீட்டைக் காட்டிக்கொடுத்தது போலாகும்.

எனவே கழிவுநீர்க் குழாய்கள் உள்ள கொழும்பிலும் கண்டியிலும் அளவீட்டைத் தொடங்கலாம். பெருந்தொகை மக்களின் கலப்பு நீரை மட்டுமே சோதிக்க வேண்டும். பாடசாலை, சிறைச்சாலை, தோட்டக் குடியிருப்பு என்று தனித்து எடுக்கக் கூடாது. முடிவு சோதனை நடவடிக்கைக்கான வரைபடமாகாமல், சிகிச்சைக்கும் ஆலோசனைக்கும் நிதி ஒதுக்கும் ஆதாரமாக வேண்டும். லக்கலவில் பெயர் கேட்காத ஆய்வும், வைத்தியசாலைப் பதிவுகளும், பாடசாலை ஆலோசகரின் அவதானிப்பும் கழிவுநீர் அளவீட்டின் இடத்தை நிரப்ப வேண்டும். அளக்கப்படாத ஊரைப் போதையற்ற ஊராகக் கருதி நிதியைத் தவிர்ப்பது, கைதுகளை மட்டும் எண்ணுவதைப் போன்றே தவறு. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை இவ்விரண்டு வழிகளையும் ஒரே திட்டமாகத் தொடங்க வேண்டும்.