மொஹீனேர் கோராகுலி: வங்காள ராக் இசைக்குழுவொன்றின் வளர்நிலைகள்

முன்னுரை

இசைக்குழுவொன்றின் வளர்ச்சியை, அதன் உறுப்பினர்கள் இணைந்து இயங்கிய காலத்தைக் கொண்டு அளப்பது பொதுவழக்கு. 1975இல் கல்கத்தாவில் தோன்றிய ‘மொஹீனேர் கோராகுலி’ இவ்வளவுகோலுக்குள் அடங்குவதன்று. 1981இல் கலைந்த இக்குழு, கலைந்த பின்னரே வங்காள ராக் இசையின் முன்னோடியாகப் பரவலாக ஏற்கப்பட்டது. அவ்வேற்பு நிகழ்ந்த முறையை இக்கட்டுரை மூன்று நிலைகளில் விளக்குகிறது.

பெயரும் மரபும்

எழுவரைக் கொண்டமையால் இக்குழு தொடக்கத்தில் ‘சப்தர்ஷி’ எனவும் வழங்கப்பட்டது. பின்னர் உறுப்பினருள் ஒருவரான ரஞ்சன் கோஷால், ஜீபனானந்த தாஸின் ‘கோரா’ (குதிரை) என்னும் கவிதையிலிருந்து இன்றைய பெயரை முன்மொழிந்தார். ‘மகீனின் குதிரைகள்’ என்பது அதன் பொருள். மேலைநாட்டு இசைவடிவத்தைக் கையாண்ட இளைஞர்கள் தம் அடையாளத்தை நவீன வங்கக் கவிதையில் தேடியமை கருதத்தக்கது. கிதாரோடு பாவுல் நாட்டார் இசையின் சாயலையும் இணைத்தமை இப்போக்கின் தொடர்ச்சியே.

இசைத்தட்டுகளின் காலம்

1977, 1978, 1979 ஆகிய ஆண்டுகளில் ஆண்டிற்கொன்றாக மூன்று இசைத்தட்டுகள் வெளிவந்தன. ஒவ்வொன்றும் சில பாடல்களையே கொண்டது. முதல் தட்டின் தலைப்பே கல்கத்தா நகரைப் பாடுபொருளாக அறிவித்தது. ‘ஹாய் பாலோபாசி’ என்னும் பாடல் பிக்காசோ, புனுவல், தாந்தே, பீட்டில்ஸ், டிலன், பீத்தோவன் ஆகியோரை ஒருங்கே நினைவுகூர்கிறது. காதலையும் இயற்கையையும் பெரிதும் பாடிய அன்றைய மெல்லிசைச் சூழலில், நகர்ப்புற இளைஞரின் அறிவுலகம் இங்குப் பேச்சுமொழியை ஒட்டிய வங்காளத்தில் பாடற்பொருளாயிற்று. எனினும் அக்காலக் கேட்போரிடம் இப்பாடல்கள் பெருவரவேற்பைப் பெறவில்லை.

தொகுப்பாசிரியராதல்

குழுவின் மையமாக விளங்கிய கௌதம் சட்டோபாத்யாய், 1995இல் ‘ஆபார் போச்சோர் குரி போரே’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். பழைய பாடல்களோடு இளைய கலைஞர்களின் பாடல்களும் அதில் இடம்பெற்றன. குழுவின் பெயர் இங்குப் பாடுவோரை மட்டுமன்றித் தொகுப்போரையும் குறிக்கலாயிற்று. 1999இல் அவர் மறையும் வரை இத்தொகுப்புப் பணி தொடர்ந்தது. இதழாசிரியர் ஒருவர் எழுத்தாளர் தலைமுறையை உருவாக்குதலை ஒத்தது இப்பணி.

அத்தொகுப்பில் இடம்பெற்ற ‘பிருத்திபீட்டா நாகி’ பாடலின் மெட்டு, 2006இல் ‘கேங்ஸ்டர்’ என்னும் இந்தித் திரைப்படத்தில் ‘பீகி பீகி’ என்று ஒலித்தது. திரையிசைக்கு வெளியே வளர்ந்த படைப்பு, திரையிசையின் வழியே நாடெங்கும் சென்றது. மெட்டுப் பரவிய அளவிற்குச் சொல் பரவவில்லை. வங்காளம் அறியாத கேட்போர் பலரிடம் குழுவின் பெயரும் சென்று சேரவில்லை.

முடிவுரை

இக்குழுவின் தனித்தன்மை இசைக்கருவிகளைக் காட்டிலும் மொழித்தேர்வில் நிலைபெற்றது என்பது இதனால் பெறப்படும். சொல்லை நீக்கி மெட்டை மட்டும் எடுத்துச் செல்லும்போது பாடல் வாழ்கிறது; அதன் வட்டார அடையாளம் மறைகிறது. ஆகவே வட்டார ராக் இசையின் வரலாறு, இசையியலாரோடு இலக்கிய ஆய்வாளரும் சேர்ந்து எழுதவேண்டிய வரலாறாகும்.